கால் பங்குக்குக் கீழே

இன்று ஒரு சரக்குக் கப்பலின் புகைபோக்கி அருகே நின்றபோது தொண்டையைச் சுரண்டும் அந்தக் காரமான வாடை வந்தது. துறைமுகம் நெருங்கிவிட்டது என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. உடனே உன் நினைவுதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், புகையை அளந்து சான்று கொடுக்கும் நம் சின்னக் கம்பெனியில் பதினோரு வருடம் அடுத்தடுத்த நாற்காலி. நான் கவரைப்பேட்டை, நீ துறைமுகத்துக்குப் பக்கத்துப் பழவேற்காட்டுக் குப்பம். கப்பலில் போனால் நமக்கு ஒரே சண்டைதான். படிவத்தின் கடைசி வரி, எஞ்சின் தன் முழுத் திறனில் கால் பங்குச் சுமையில் ஓடும்போது எடுக்கும் அளவு. அதை எழுதியதும் நான் கருவியை மூட்டை கட்டுவேன். நீ கையைப் பிடிப்பாய்.

"இருடா, இப்பதான் ஊடு வந்துக்கினு இருக்குது. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"மெதுவா போற கப்பல்ல இன்னாடா இருக்கப் போவுது?" என்பேன்.

"நடுக்கடல்ல யாரு மூக்கு இருக்குது? எங்க குப்பத்துலதான்டா மூக்கு இருக்குது."

ஒருநாள் என் பேச்சைக் கேட்காமல், வேகம் அதற்கும் கீழே இறங்கிய பிறகு அளந்தே விட்டாய். எஞ்சின் செய்த வேலையோடு ஒப்பிட்டால், நெஞ்சைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு எகிறியிருந்தது. கருவி குளறுகிறது என்று சொல்லி, நீ எழுதிய வரியை நான் சிவப்பு மையால் அடித்தேன். சரிபார்த்துவிட்டு அடித்திருக்கலாம். பார்க்கவில்லை, சோம்பல். இரண்டு நாள் நீ என்னோடு டீ குடிக்க வரவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து, "பேஜாரு பண்ணாம வாடா" என்றாய். அந்த வருடமே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று நான் மூட்டை கட்டவில்லை. ஏனென்று கேட்டால், சும்மா ஒரு குறுகுறுப்பு. கப்பலின் வேகம் குறைந்தது, எண் ஏறியது. அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி மூன்று முறை சரிபார்த்தேன். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. கப்பல் எஞ்சினியரைக் கேட்டேன்.

"புகைய சுத்தம் பண்ண யூரியா தெளிக்கிறோம் இல்ல சார், புகை நல்லா சூடா இருந்தாத்தான் அது வேலை செய்யும். ஸ்லோ ஆனா புகை ஆறிடும், தெளிப்பு தானா நின்னுடும்" என்றார், வெகு சாதாரணமாக. இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு இத்தனை வருடமா?

படிவத்தில் இடமில்லை. கடைசி வரிக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டு, எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன். மேனேஜர் முறைப்பார், முறைக்கட்டும். நீ சொன்னதுதான் சரி என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

இனிமேல் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டும்வரை கருவியை அணைக்கமாட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இன்று உன் குப்பத்துப் பக்கம் அடித்தது. அங்கே உன் மகள் இருக்கிறாள்.