பேதுரு சாப்பிட்டாரா?

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம்.

உன் மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். சபையில் நான் சண்டை போட்டதாகச் சேதி வந்தால் நம்பாதே; ஜெபம்தான் செய்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கறிச் சாப்பாடு. ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்கிறவன் என்று மூப்பர் என்னையே ஜெபிக்கச் சொன்னார். "ஆண்டவரே, இந்த வாரம் நாற்பது ஆடுகளை அறுத்தேன். கடைசி ஆடு என் கையை நக்கியது. எங்களை மன்னியும், ஆமென்" என்றேன். தட்டில் வைத்த கைகள் அப்படியே நின்றன.

மூப்பருக்குக் கோபம். "பேதுருவுக்கே வானத்துலேருந்து விரிப்பு நிறைய மிருகத்த இறக்கி, அடிச்சு சாப்பிடுன்னு ஆண்டவர் சொன்னாரே. நீ அவரைவிடப் பெரிய ஆளா?"

"சொன்னாரு ஐயா. பேதுரு சாப்பிட்டாருன்னு எங்க எழுதியிருக்கு? விரிப்பு திரும்ப மேல போயிடுச்சுன்னுதானே இருக்கு?"

அவர் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் அதை மூடி வைத்துவிட்டுத் தன் தட்டை இழுத்துக்கொண்டார்.

அன்றோடு கறியை விட்டேன். கூடத்திலும் கத்தியைக் கொடுத்துவிட்டு, கறி அடைக்கும் பெட்டிகளைக் கழுவும் வேலைக்கு மாறிவிட்டேன். யார் சிரித்தாலும் இதில் மாற்றமில்லை. சபையில் என் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. கால் நீட்ட வசதி. ஞாயிறு மதியம் நான் சாப்பிடும்போது நீயும் தட்டோடு உட்கார்ந்து எனக்குப் போன் போடு. பேசக்கூட வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நான் வரும் நாளுக்கென்று சேவல் வளர்ப்பதாக எழுதியிருந்தாய். வேதத்தில் கெட்ட குமாரன் திரும்பி வந்தபோதுதான் கொழுத்த கன்றை அடித்தார்கள். உன் மகன் கெட்டுப்போகவில்லை அம்மா. சேவல் இருக்கட்டும்.

உன் மூத்தவன்