நடுவைத் தாண்டமாட்டேன்

மார்ச் 3
தம்பி மகளுக்குக் கல்யாணம். அவன் நேரில் வந்து அழைத்தால்தான் போவேன். என் மகள் கல்யாணத்துக்கு நான் ஃபோனில் அழைத்தேன் என்று முறுக்கிக்கொண்டு வராமல் இருந்தவன்தானே? அன்றிலிருந்து பேச்சில்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் அவன், இந்தக் கரையில் நான்.

மார்ச் 5
தம்பி மனைவி ஃபோன் செய்தாள். "அண்ணி, அவர் உங்க வீட்டுப் படி ஏறமாட்டாராம். பழைய கல் பாலத்துக்கு நடுவுல வந்து பத்திரிகை வைக்கிறாராம்."
நடுவைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டேன் என்றேன்.
"அவரும் அதேதான் சொன்னார்."

மார்ச் 9
நாளைக்குப் பாலத்துக்கு வீட்டுக்காரர் துணைக்கு வரமாட்டாராம். "யாராவது ஆத்துல விழுந்தா சொல்லி அனுப்பு."

மார்ச் 10
புதுப் பாலம் வந்த பிறகு கல் பாலம் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு என்றாகிவிட்டது. நானும் இன்றுதான் நின்று பார்த்தேன். சாந்து பூசாமல் கல்லோடு கல்லைக் கவ்வவிட்டுக் கட்டியதாம். முந்நூறு வருஷமாக நிற்கிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது. நாங்கள் ஒரு ஃபோனுக்கே பிளந்துவிட்டோம்.

பழுதுபார்க்க நடுவில் கல்லைப் பெயர்த்துப் போட்டு, இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு. அந்தப் பக்கத் தடுப்புக்கு மேலே தம்பியின் தலை. பாதி வழுக்கை.
"இங்க நிக்காதீங்கம்மா. அந்தப் பக்கம் போகணும்னா புதுப் பாலம் வழியா சுத்திப் போங்க" என்றார் காவலாளி. அங்கே அவனையும் யாரோ விரட்டினார்கள். பத்திரிகைப் பையோடு திரும்பிவிட்டான்.

இவ்வளவு தூரம் வந்தாச்சு. அவன் தலை வேற அப்படி ஆயிடுச்சு. நானே போனா என்ன, குறைஞ்சா போயிடுவேன்? பஸ் ஏறினேன்.

அவன் வீட்டில் அவன் இல்லை. கல்யாணப் பெண் "அத்தை" என்று கட்டிக்கொண்டாள். அழுதுவிட்டேன்.
வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். "உன் தம்பி இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான். நீ எங்க இருக்க?"
கையோடு கிளம்பினேன். வந்து பார்த்தால் அவனும் கிளம்பிப் போயிருக்கிறான். புதுப் பாலத்தில் எதிரே வந்த பஸ்ஸில் இருந்திருப்பான்.

மார்ச் 11
பத்திரிகை மேசைமேல் இருக்கிறது. வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் என்னை அழைத்ததாகிவிடுமா? ஆகாது. தையலுக்கு வந்த கவுனுக்கு அதே யோசனையில் ஜிப்பைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

மார்ச் 13
ஃபோன். அவன் குரல்.
"அக்கா, இன்னைக்கு வீட்டுலயே இரு. எங்கயும் கிளம்பித் தொலைக்காத. நான் வரேன்."
இருந்தேன்.