குளிருக்குத் தாங்கும் வீடு

அல்டூனா, பென்சில்வேனியா
6 மார்ச் 1988

அன்புள்ள கெய்ல்,

நலம்தானே? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய இரண்டு ஒயின் பாட்டில்களில் ஒன்றை நேற்றுதான் திறந்தேன். உன் அண்ணன் வால்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது பீர் இல்லையே" என்றான். மீதியை நானே குடித்தேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஜூனில் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து எனக்கு ஓய்வு. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றிய கை இனி சும்மா இருக்கப் போகிறது. அதனால் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். நானும் வால்ட்டும் வருஷம் முழுக்க உன் ஏரிக்கு வந்து போகப் போகிறோம். மே மாதம் கொடி துளிர்க்கும்போது ஒரு தடவை, ஜூலையில் நீந்த ஒரு தடவை, அக்டோபரில் திராட்சை அறுவடைக்கு, ஜனவரியில் பனிக்கு. நாலு தடவை. சுற்றுலாக் கையேடுகளையெல்லாம் தபாலில் வரவழைத்துவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை என்று வால்ட் முணுமுணுக்கிறான்.

"ஏரியில அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"தண்ணி."

"அது இங்க குழாயிலயே வருதே."

இவனை வைத்துக்கொண்டுதான் திட்டம் போடுகிறேன்.

பதிலைக் கடிதமாகவே போடு, தொலைபேசி வேண்டாம். நான் எப்போது வீட்டில் இருப்பேன் என்று எனக்கே தெரிவதில்லை. இப்போதெல்லாம் கொஞ்சம் நடக்கப் போகிறேன்.

அன்புடன்,
நோரீன்


பிராஞ்ச்போர்ட், கியூகா ஏரி
19 மார்ச் 1988

என் அருமை நோரீன்,

உன் கடிதம் வந்தபோது நான் முழங்கால் அளவு பனியில் நின்று திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிப் படித்ததில் விரல் மரத்துப் போய்விட்டது. பரவாயில்லை, விஷயம் அப்படிப்பட்டது.

வாருங்கள். நாலு தடவை என்ன, நாற்பது தடவை வாருங்கள். என் கட்டில் உங்களுக்கு, சோபா எனக்கு. வால்ட் கடைசியாக இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது என்று அவனிடம் சொல். கணக்கு வைத்திருக்கிறேன் என்றும் சொல். பீர் வாங்கி வைக்கிறேன், அதற்காக அவன் அழ வேண்டாம்.

ஜனவரியில் வருவதாகச் சொல்கிறாயே, அதுதான் எனக்குப் பிடித்தது. கோடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அக்டோபரில் தண்ணீரை நிறுத்தி, வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் நீட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். பதினெட்டு வீட்டுச் சாவி என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. ஏரி உறைந்த பிறகு இந்தக் கரையில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பகலில் ஒயின் தோட்டத்துக் கூடத்தில் வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுப்பேன். அதுவும் பிப்ரவரியில் நாளுக்கு நாலு பேர்.

மே பதினாலு சனிக்கிழமை. எழுதி வைத்துக்கொள்.

முத்தங்களுடன்,
கெய்ல்


அல்டூனா
22 மே 1988

அன்புள்ள கெய்ல்,

நீ சமைத்து வைத்துக் காத்திருந்திருப்பாய். மன்னித்துக்கொள். அன்றைக்குத் தந்தி மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வால்ட்டே பெட்டிகளை ஏற்றினான், சவரம்கூடச் செய்திருந்தான். நாற்பது நிமிஷம் போயிருப்போம். ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஒதுக்கினான்.

"அடுப்பை அணைச்சியா?"

"அணைச்சேன்."

"நிச்சயமா?"

"வால்ட், நான் முப்பத்தொரு வருஷமா அடுப்பை அணைக்கிறவ."

வண்டியைத் திருப்பினான். வீட்டுக்கு வந்தோம். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான், பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு போய்ச் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டி சாயந்திரம் வரை வண்டியிலேயே கிடந்தது. நான் தெருவை ஆறு சுற்று சுற்றினேன்.

சரி, இனி கோடையில் பார்க்கலாம். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் கொஞ்சம் நீண்ட நாள் இருக்கிற மாதிரி வந்தால் என்ன என்று தோன்றுகிறது. உன்னிடம் சாவி இருக்கிற வீடுகளில் குளிருக்குத் தாங்குகிற வீடு ஏதாவது உண்டா? தண்ணீர்க் குழாய் போதுமான ஆழத்தில் போயிருக்குமா? வீட்டைச் சூடாக்குகிற அடுப்புக்கு விறகா, எண்ணெயா? சாலையில் பனி தள்ளும் வண்டி தினமும் வருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அங்கே பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு எப்போதாவது ஆள் எடுப்பார்களா?

அன்புடன்,
நோரீன்


பிராஞ்ச்போர்ட்
5 ஜூன் 1988

நோரீன்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

விருந்தாளியாக வருகிறவள் துண்டு கொண்டு வரணுமா என்று கேட்பாள், கொசு இருக்குமா என்று கேட்பாள். குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று கேட்க மாட்டாள். வேலை கிடைக்குமா என்று நிச்சயம் கேட்க மாட்டாள். அதோடு, அந்தக் கேள்விகளில் "நாங்கள்" என்ற வார்த்தையே இல்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

நேராகக் கேட்கிறேன். அவனை விட்டுவிட்டு வரப் பார்க்கிறாயா?

எனக்கு நீயும் வேண்டும், ஆனால் அவன் என் அண்ணன். எழுபத்தொன்றில் நான் எல்மைராவில் கூட வாழ்ந்த அந்த மனிதனிடம் படாத பாடு பட்டபோது, ஒரே ஒரு கடிதம்தான் வால்ட்டுக்குப் போட்டேன். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு லாரியோடு வாசலில் வந்து நின்றான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "எதெல்லாம் உன்னுது?" என்று மட்டும் கேட்டான். என்னை இந்த ஏரிக்கரையில் கொண்டுவந்து இறக்கியதே அவன்தான். அப்படிப்பட்டவனுக்குத் தெரியாமல் நான் உனக்கு வீடு தேட வேண்டுமா?

அவன் கை நீட்டினானா? குடிக்கிறானா? அப்படியென்றால் சொல், நாளைக்கே வருகிறேன். இல்லையென்றால் என்ன என்று சொல்.

கெய்ல்


அல்டூனா
19 ஜூன் 1988

அன்புள்ள கெய்ல்,

கை நீட்டவில்லை. குடிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

ரயில் பட்டறையிலிருந்து அவன் ஓய்வு பெற்று வந்து மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாக அவன் அந்த நாற்காலியில் இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைக் கழுவி வைப்பான், திரும்பிப் போவான். ஏதாவது கேட்டால் பதில் சொல்வான், தானாக ஒன்றும் சொல்ல மாட்டான். டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறதாம். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் இது பாதி நாள்தான். போன வெள்ளிக்கிழமையிலிருந்து முழு நாள்.

எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, நெடுஞ்சாலையில் இருபது மைல் ஓட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன். பால்கூட வாங்காமல். செவ்வாய்க்கிழமை நாற்பது மைல். ஒரு நாள் திரும்பாமல் போய்விடுவேனோ என்று பயம். அப்படி ஓடுவதைவிடத் திட்டம் போட்டு, பெட்டி கட்டி, எங்கே இருக்கிறேன் என்று தெரிகிற மாதிரி போவது மேல் அல்லவா? அதனால்தான் நாலு பருவம், நாலு பயணம் என்று ஆரம்பித்தேன். அவனும் வருவான் என்று உண்மையாகவே நினைத்தேன், அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு வருஷம் வேண்டும். அதற்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியாது.

அவனிடம் நானே சொல்வேன். நீ சொல்லாதே. இது ஒன்றுதான் உன்னிடம் கேட்பது.

உன் நோரீன்


பிராஞ்ச்போர்ட்
7 ஆகஸ்ட் 1988

அன்புள்ள நோரீன்,

வீடு கிடைத்துவிட்டது. மிஸஸ் ஹல்பர்ட் அரிசோனாவில் மகளோடு போய் இருக்கப் போகிறாள். ஒரு வருஷத்துக்கு யாராவது இருந்தால் அவளுக்கு நிம்மதி. சின்ன வீடு, விறகடுப்பு உண்டு, சமையலறையிலிருந்து ஏரி தெரியும். குளிர்காலத்தில் யாரும் அங்கே தங்கியதில்லை, அதனால் குழாய்தான் சந்தேகம். ஒயின் தோட்டத்தில் நவம்பரிலிருந்து பாட்டிலுக்குச் சீட்டு ஒட்ட ஆள் வேண்டும் என்றார்கள். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டலாம்.

புதன்கிழமை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். வால்ட் எடுத்தான். நீ வெளியே போயிருக்கிறாய் என்றான். "எங்க?" என்றேன். "தெரியல. பால் வாங்கன்னு சொல்லிட்டுப் போனா. ஃபிரிட்ஜ்ல பால் இருக்கு" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை, நோரீன். சொல்லிவிட்டேன். அவன் "சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

கெய்ல்


அல்டூனா
18 ஆகஸ்ட் 1988

கெய்ல்,

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

முப்பத்திரண்டு வருஷமாக உன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை போடுகிறவள் நான். உன் அண்ணன் கையெழுத்து என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி நான் போட்டது. அதற்காகவாவது இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

உன் கடிதம் வருகிற வரைக்கும் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு வாரம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், முகத்தில் ஒன்றும் இல்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "ஜான்ஸ்டவுன்ல நம்ம எட் வீட்டுல ஒரு வேலை இருக்கு. ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றான். மூன்று வருஷத்தில் அவன் தானாக எங்கேயும் கிளம்பியதில்லை. எட் வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே அவன் வரவில்லை.

அவனுக்கு ஏதாவது ஆனால் உன்னை மன்னிக்க மாட்டேன்.

நோரீன்


பிராஞ்ச்போர்ட்
20 ஆகஸ்ட் 1988

நோரீன்,

வால்ட் இங்கேதான் வந்திருந்தான். இந்தக் கடிதத்துக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருப்பான். நீ திட்டிய திட்டெல்லாம் எனக்கு வேண்டியதுதான். ஆனால் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

செவ்வாய் மத்தியானம் வாசலில் வந்து நின்றான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "அவ பார்த்திருக்கிற வீடு எது?" என்றான். கூட்டிப் போனேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "எவன்டா இந்தக் குழாயைப் போட்டது? முதல் குளிருக்கே வெடிச்சிடும்."

அன்றைக்கும் மறுநாளும் தோண்டினான். அறுபத்திரண்டு வயதில், அந்தக் களிமண்ணில். குழாயை ஆழத்தில் இறக்கிப் போட்டு, வெளியே தெரிகிற இடமெல்லாம் குளிர் தாக்காமல் பஞ்சு சுற்றினான். அடுப்புப் புகைக்குழாயைக் கழற்றித் துடைத்தான். பின்கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று அதையும் இழைத்தான்.

புதன்கிழமை சாயந்திரம் என் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். நான் கேட்டேன், "நீயும் வந்துடேன் வால்ட். ரெண்டு பேருக்கும் இடம் இருக்கே."

ரொம்ப நேரம் மென்றான். "அவ என்னை விட்டுத் தள்ளி இருக்கணும்னுதான் இங்க வர்றா. நானும் வந்துட்டா அப்புறம் அவ எங்க போவா?"

"உனக்குக் கோபமே இல்லையா?"

"இருக்கு. யார் மேலன்னுதான் தெரியல."

அப்போது தோட்டத்தில் பறவை விரட்டுகிற வெடி வெடித்தது. தூக்கிவாரிப் போட்டதில் சாண்ட்விச் கீழே விழுந்தது. சிரித்தான், நோரீன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முப்பத்தெட்டு வருஷம் காலையில பட்டறைச் சங்கு ஊதும். எழுந்திரிப்பேன். இப்ப யாரும் ஊதறதில்ல. நானும் எழுந்திரிக்கல. அவ கூப்பிட்டுப் பார்த்தா. எனக்குக் காதுல விழுந்துச்சு. கால்தான் வரல."

இதை உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை நானாகத்தான் முடிவு செய்தேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் உன்,
கெய்ல்


அல்டூனா
27 செப்டம்பர் 1988

அன்புள்ள கெய்ல்,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தால் அல்ல. அது உன் கடிதம் வந்த அன்றைக்கே போய்விட்டது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அவன் வந்த அன்று நகக்கண்ணெல்லாம் மண். "ஜான்ஸ்டவுன்ல இவ்வளவு களிமண்ணா?" என்று கேட்டேன். கையைப் பார்த்தான், கழுவப் போய்விட்டான். உன் கடிதத்தைப் படித்த பிறகு அவன் எதிரே போய் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும், வால்ட். ஒரு வருஷத்துக்குப் போறேன். நானே சொல்லியிருக்கணும்" என்றேன். "விறகு வாங்குறப்ப ஓக் மரமா கேளு. பைன் வேண்டாம், புகைபோக்கி அடைச்சுக்கும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவன் நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. கொல்லைப் பக்கம் போய்க் கம்பிவேலியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். நீ சமைக்காதே, நான் கொண்டு வருகிறேன். சீட்டு ஒட்டுகிற வேலையை வைத்திருக்கச் சொல்.

நேற்று மூன்று தடவை பெட்டியைக் கட்டி மூன்று தடவை பிரித்தேன். மூன்றாவது தடவை அவன் வந்து கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். "அந்தக் கனமான கம்பளிச் சட்டையை வெச்சியா?" என்றான். வைத்தேன் என்றேன். பிறகு, துணி துவைக்கிற இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று காட்டச் சொன்னான். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. வெள்ளைத் துணிக்கு எது, நிறத்துணிக்கு எது என்று அட்டையில் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறான். எண்ணெய் மாற்றிவிட்டான். நான் போவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டான்.

போகாதே என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பாயா என்று நீ கேட்பாய். நின்றிருக்க மாட்டேன். வருகிறேன், சத்தியமாக வருகிறேன். ஆனாலும் அவன் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்கிறேன், கெய்ல். இன்னும் நாலு நாள் இருக்கிறது.

உன்,
நோரீன்