சாக்பீஸ் வட்டம்

முடியாதும்மா முடியாது, வேலையை விட்டுட்டு உன் வீட்டுக்கு வந்து சோபாவைத் தேய்ச்சுக்கிட்டு உக்கார என்னால முடியாது, எழுபது வயசாச்சுன்னு நீ ஞாபகப்படுத்தவே வேணாம், அதை என் முட்டி தினமும் பண்ணுது. இங்க நாங்க ரெண்டு பேரும் சண்டை போடுற அளவுக்குச் சௌக்கியம், அங்க நீயும் மாப்பிள்ளையும் அதே தெம்போட இருக்கணும். நான் சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதுறா, நான் மூணாங்கிளாஸோட நின்னவன், என் எழுத்தைப் படிக்க உனக்குத் தனியா ஒரு டெலஸ்கோப் வேணும்.

சனிக்கிழமை சாயங்காலமானா வானம் பாக்க எங்க டெலஸ்கோப் கூடத்துல ஒரே கூட்டம். போன வாரம் ஒரு அம்மா வளையம் போட்ட கிரகத்தைப் பாத்துட்டு, உள்ள படம் ஒட்டியிருக்கீங்களான்னு கேட்டுச்சு, ஆமாம்மா, வாரா வாரம் நான்தான் மாத்தி ஒட்டுறேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல, அப்பதான் தலைக்கு மேல டிக்குன்னு ஒரு சத்தம். கூரைக் கதவைத் திறக்கிற கம்பிக் கயிறு உனக்குத் தெரியும்ல, அதோட மறுமுனையில எருமை கனத்துக்கு ஒரு இரும்புக் குண்டு தொங்கும். வாராவாரம் ஏணியில ஏறி, பழைய பனியன் துணியால கயித்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாப்பேன், எங்க இழை அறுந்திருக்கோ அங்க துணி மாட்டும். மழைக்கு முந்தி ஒரு இடத்துல மாட்டுச்சு, அப்புறம் நாலு இடம், நேத்து துணியே நார்நாராக் கிழிஞ்சு போச்சு. மேனேஜர்கிட்ட காட்டினேன், இத்தனை வருஷம் தாங்குன கயிறு பெரியவரே, இந்த சீசன் கூட்டம் முடியட்டும்னாரு. அவரு அதுக்குக் கீழ நிக்கிறதே இல்ல. நீ பயப்படாத, குண்டுக்கு நேர் கீழ தரையில சாக்பீஸால பெரிய வட்டம் போட்டுட்டேன், உள்ள கால் வெச்சா நட்சத்திரம் கண்ணுக்கே தெரியாதுன்னு புள்ளைங்ககிட்ட புளுகிட்டேன், ஒண்ணு கூட மிதிக்கல.

இங்கேருந்து என் கோழிக்கிறுக்கல். அம்மா எழுதுறதை நிறுத்திட்டு, கதவு திறக்கச் சுத்துற சக்கரம் எங்க இருக்குன்னு கேட்டா. வட்டத்துக்குள்ளதான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பேனாவை வெச்சா, ஆணியில கிடந்த கூடத்துச் சாவியை எடுத்தா, செருப்பை மாட்டிக்கிட்டு மேனேஜர் வீட்டுப் பக்கம் நடந்தா. ஏய், முழுசாக் கேட்டுட்டுப் போடின்னு கத்துனேன், திரும்பல. நின்னு கேட்டிருந்தா புரிஞ்சிருக்கும். நான் போகலன்னா டிக்கெட் கிழிக்கிறவனைச் சுத்த விடுவாங்க, அவனுக்கு அந்த டிக் சத்தம் இழை அறுந்த சத்தம்னே தெரியாது, வீட்டுல ரெண்டு சின்னப் பொண்ணுங்க. நான்னா சத்தம் கேட்ட உடனே ஒதுங்கிடுவேன், முட்டி சொன்ன பேச்சைக் கேட்டா.

இன்னைக்கும் சனிக்கிழமை, மணி அஞ்சரை. எதிர்த்தாப்புல கூடத்து கேட்டுல பள்ளிக்கூட பஸ் ஒண்ணு வந்து நிக்குது, புள்ளைங்க சத்தம் கேக்குது. நீங்க ரெண்டு பேரும் நூறு வயசு நல்லா இருக்கணும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப மிரட்டாத. என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு, அம்மாகிட்ட சொல்லிடாத.

உன் அப்பா