ஒரே பிறந்த தேதி, இரண்டு பெண்கள்

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாபநாசம் சாலையோரம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது.

வெள்ளி மாலை ஐந்துக்கு டேட்டா லாக். எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையில் சேர்ந்தவர்களின் விவரங்கள் அதோடு பூட்டப்படும். பிறகு ஓர் எழுத்தை மாற்ற முடியாது. சரிபார்ப்பது என் வேலை. பாக்கி: பிசகிய தேதிகள், விடுபட்ட ரத்தப் பரிசோதனைகள், நீக்கப்பட்டவர் பட்டியல்.

மெஸ்ஸில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் பேப்பர் கப். என்ன வேலை என்று கேட்டபோது எச்.ஐ.வி. என்று உள்ளதைச் சொன்னதன் பலன்.

அக். 8, புதன்

நீக்கப்பட்டவர்களில் 0452. தஞ்சாவூர் மையத்தில் சேர்ந்த பெண். காரணம்: ‘ஏற்கெனவே 0417 ஆகச் சேர்ந்தவர். மறைத்து இரண்டாம் முறை வந்திருக்கிறார்.’ இருவருக்கும் ஒரே இனிஷியல், வலங்கைமான் பக்கம் ஒரே ஊர், ஒரே பிறந்த தேதி. மே 31.

என் சான்றிதழிலும் அதுதான். நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமையாசிரியர் போட்ட தேதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே கடைசியில் பிறந்தவர்கள்.

உயரம் பார்த்தேன். 0417: 148 செ.மீ. 0452: 159. ஒரே பெண் என்றால் இரண்டு சேர்க்கைக்கும் இடைப்பட்ட இரண்டு மாதத்தில் பதினோரு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள்.

நீக்க ஒப்புதல்: சுந்தர். நான் வேலை பழக்கிய சுந்தர். இப்போது சென்னையில் எனக்கு மேலே. ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டு, என்னை நன்றி வரியில் கடைசியாகத் தள்ளியவன். நாலு வருஷமாகப் பேச்சில்லை. மெயில் மட்டும்.

வெள்ளி வரை வாய் திறக்காமல் இருந்தால் தணிக்கையில் மாட்டுவான். நினைக்க இனித்தது. இரண்டாவது காபி போட்டுக்கொண்டேன்.

அக். 9, வியாழன்

வெயில். மனைவிக்கு போன். எடுக்கவில்லை. கோவையில் மகள் வீட்டோடு இருந்துவிட்டாள். பிற்பகலில் ‘பிஸி’ என்று ஒரு மெசேஜ்.

தஞ்சாவூர் மைய நர்ஸ் கலாவிடம், வேறு ஏதோ கேட்பதுபோல் 0452 பற்றிக் கேட்டேன். பெயரை அவர் சொல்லக் கூடாது, நான் கேட்கக் கூடாது.

“அந்தம்மா நடவ விட்டுட்டு மூணு தடவ வந்து நின்னாங்க சார். ரெண்டு தடவ சேந்துட்டீங்க, இனிமே வர வேணாம்னு அனுப்பிட்டோம். ‘நான் பொய் சொன்னேன்னு எழுதிட்டீங்களா’ன்னு கேட்டாங்க. கடைசியா எடுத்த ரத்தம் டெஸ்ட்டுக்கே போகல, ஃப்ரீசர்ல கெடக்கு.”

சுந்தரைக் கிழித்து மெயில் எழுத உட்கார்ந்தேன். ஆதாரத்துக்காக விதிமுறைக் கோப்பைத் திறந்தேன். ‘இனிஷியல், பிறந்த தேதி, ஊர் மூன்றும் ஒத்தால் ஒரே நபர்.’ எழுதியவர்: நான். சரிபார்த்தவர்: யாருமில்லை. அப்போது நான் வைத்ததுதான் சட்டம்.

மெயிலை அழித்தேன்.

அக். 10, வெள்ளி

மதியம் வரை ஒன்றும் செய்யவில்லை. துணி துவைத்தேன். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. 0452 பொய்க்காரியாகவே பூட்டப்படுவாள்.

3.40க்கு சுந்தருக்கு போன். முதல் ரிங்கிலேயே எடுத்தான். இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறான். விதி என்னுடையது, அது தவறு என்றேன். உயரங்களைச் சொன்னேன். கீபோர்டில் தட்டிச் சரிபார்த்தான். லாக்கை நிறுத்திவிடுகிறேன் என்றான்.

“எப்ப பாத்தீங்க சார்?”

“புதன்.”

“தஞ்சாவூருக்கு நானே சொல்லிடறேன் சார்” என்று போனை வைத்தான். திட்டியிருக்கலாம்.

அக். 11, சனி

மழை. ரத்தம் பரிசோதனைக்குப் போய்விட்டது. கலா 0452-ஐ போனில் கூப்பிட்டாராம். வர மாட்டேன் என்றுவிட்டாராம். “என்னப் பொய்க்காரின்னு எழுதுன ஆளு வந்து கூப்பிடட்டும்.”

டேட்டா பார்ப்பவன் சோதனையில் சேர்ந்தவர்களைச் சந்திக்கக் கூடாது; எனக்கு நேரில் போக அனுமதி இல்லை. கலா படித்துக் காட்டும்படி ஒரு தாள் எழுதி அனுப்பலாம் என்றான் சுந்தர்.

ஓர் எண்ணை எப்படிக் கூப்பிடுவது. ‘அம்மா, அதை எழுதியவன் நான்தான்’ என்று தொடங்கினேன். அடுத்த வரி வரவில்லை. கலா ஆறு மணிக்குத் தாளோடு அவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். இப்போது ஐந்தே கால்.