ஐந்தாவது வாத்து

அக்டோபர் 14, செவ்வாய்

பன்னிரண்டு. காலையில் கூட்டைத் திறக்கும்போது பன்னிரண்டு, மாலையில் அடைக்கும்போது பன்னிரண்டு. மூன்று மாதமாக இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் வேலை இதுதான். எம்.ஏ. தத்துவம். சிரிக்க வேறு ஆள் இல்லாததால் நானே சிரித்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு ஜெஸிந்தா சித்தியிடம் ஐந்து. ஜூலையில் இரண்டு பேரும் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போய் ஒரே பெட்டியில் பதினேழு குஞ்சு கொண்டுவந்தோம். கலந்துவிடக் கூடாது என்று என் குஞ்சுகளின் இடது கால் சவ்வில் நகவெட்டியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியாது. சொல்லாமல் இருப்பது பிடித்திருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இறைச்சிக்கடை வைத்திருக்கும் லிஜி சேச்சி போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு எத்தனை தாறாவு தருவாய் என்றாள்; வாத்து என்று சொல்ல அவளுக்கு வராது. எல்லாம் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பினாள்.

"எல்லாமா?"

"கறிக்குத்தானே வளக்கிறோம். பேரா வைக்கப் போறோம்?"

அம்மா மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை விடவில்லை. அம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நாலரைக்கு வந்தாள். நேராக உள்ளே வரவில்லை. மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அப்படியே இருக்க, வாத்துக்கூட்டுப் பக்கம் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம். ஜன்னலிலிருந்து முதுகு மட்டும் தெரிந்தது.

என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.

அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

இங்கே ஒரு வழக்கம் உண்டு. லயம் முழுக்க இல்லை, எங்கள் இரண்டு வீட்டுக்கு மட்டும். அவரவர் வளர்த்ததை அவரவர் அறுப்பதில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முதல் நாள் வேலிமேல் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் கோழி அங்கே போகும், அவர்களுடையது இங்கே வரும். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. தீனி போட்ட கையால் எப்படிக் கழுத்தைப் பிடிப்பது என்பாள் அம்மா. அவர்கள் கோழியை அறுக்கும்போது மட்டும் முகம் மாறவே மாறாது.

இந்த வருஷம் வாத்து. எதைக் கொடுப்பது என்று நான் எடை பார்ப்பதற்குள் அம்மாவே ஒன்றைப் பிடித்து வேலிக்கு மேலே நீட்டிவிட்டாள். அப்படியொன்றும் கொழுத்ததில்லை. சித்தி கொடுத்தது நல்ல கனம்.

நமக்கு லாபம். ஆனால் சித்தி ஏன் முகம் சுளிக்கவில்லை?

அக்டோபர் 20. தீபாவளி

கறி நன்றாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் மிளகு வறுக்கும் வாசனை வந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

சித்தி வீட்டுக் குப்பைக்குழியில் வாத்து இறகு ஒன்றுகூட இல்லை. இரண்டு மஞ்சள் கால்கள் கிடந்தன. பிராய்லர்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவர்களிடம் இருந்தது ஐந்து. ஒன்று எங்களுக்கு வந்துவிட்டது. எங்களுடையதைத் தின்றிருந்தால் நான்கு இருக்க வேண்டும்.

சித்தி சர்ச்சில் பூசைக்குப் போயிருந்த நேரம் வேலியோரம் நின்று எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து.

நவம்பர் 2, ஞாயிறு

வாய்க்காலில் இரண்டு வீட்டு வாத்தும் சேர்ந்து மேய்ந்தன. குனிந்து பார்த்தேன். அவர்கள் கூட்டத்தோடு கரையேறியதில் ஒன்றுக்கு இடது காலில் வெட்டு.

சந்தேகம்தான் அறிவின் வாசல் என்று இரண்டு வருஷம் வகுப்பில் படித்தேன். வாசல் வழியாக எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வாத்தை வைத்துக்கொண்டு கடைக் கோழியைத் தின்றிருக்கிறார்கள். எதற்கு? கிறிஸ்துமஸுக்கு விற்கவா? முட்டைக்கா?

நவம்பர் 5

லிஜியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், ஜெஸிந்தா சித்தி ஏதாவது விசாரித்தாளா என்று. ஆமாம், போன வாரம். ஒரு தாறாவு எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று கேட்டாளாம். வெட்டுறவகிட்ட கேக்குற கேள்வியா மோளே அது என்று லிஜி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. வருஷக்கணக்கில் யோசிக்கிறாள் என்றால் இது அவசரத்தில் செய்ததில்லை. திட்டம்.

நவம்பர் 9, ஞாயிறு

நேருக்கு நேர் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தி, தீபாவளிக்கு நம்ம வாத்து எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு ரஞ்சி. செத்த மொரடு. ஒங்க சித்தப்பாவுக்குப் பல்லு வேற ஆடுது, பாவம் எலும்போட மல்லுக்கட்டிட்டுக் கெடந்தாரு."

எவ்வளவு சரளம். பல்லைக்கூடச் சேர்த்துக்கொண்டாள். கிளிப்பை மாட்டியபடியே சொன்னாள், அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

இதே கையால் இன்னும் என்னவெல்லாம்? போன மாதம் தவிட்டு மூட்டை சீக்கிரம் தீர்ந்ததே.

நவம்பர் 13, வியாழன்

இது ஒரு வாத்தைப் பற்றியது இல்லை. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே மறந்துவிடுவேன். அப்பா போய் ஐந்து வருஷம். அன்றிலிருந்து அம்மா மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் சித்திதான். அந்தச் சிநேகிதமே கள்ளம் என்றால் அம்மாவுக்கு இந்த மலையில் யார் இருக்கிறார்கள்?

நான் இருக்கிறேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். குப்பைக்குழி, எண்ணிக்கை, வெட்டு, பல் ஆடுகிற கதை, எல்லாவற்றையும் வரிசையாக. அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"குஞ்சு காலையா வெட்டுன?"

"அதாம்மா உனக்குப் படுது?"

"விடு புள்ள. ஒரு வாத்துதானே."

விடு. இவ்வளவு எளிதாகவா? ரேஷன் கடையில் ஒரு கை சர்க்கரை குறைந்தாலும் விடாதவள்.

நவம்பர் 19

அம்மாவும் சேர்ந்தா?

நவம்பர் 21, வெள்ளி

கவனிக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு அம்மா நம் கூட்டுப் பக்கம் உட்காருவதில்லை. வேலை விட்டு நேராகச் சித்தி வீட்டுப் பின்பக்கம் போகிறாள். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி. என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது. வெறும் காலோடு வருகிறாள், செருப்பு கையில்.

இன்னொன்று. இந்த மழையில் மலையிலிருந்து இறங்குகிற எல்லோர் காலிலும் அட்டை கடித்து ரத்தம் வழிகிறது. அம்மா கால் சுத்தமாக இருக்கிறது. உண்மையில் கொழுந்துக்குத்தான் போகிறாளா?

இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

கை இன்னும் நாறுகிறது. சோப்பு போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன்.

காலையில் அம்மா பந்தலூர் சந்தைக்குப் போனாள். சித்தியும் சித்தப்பாவும் பூசைக்கு. வேலியைத் தாண்டி அந்த வாத்தைப் பிடித்தேன். ஓடவே இல்லை. நேரே என் காலடிக்கு வந்து விரலிடுக்கில் கொத்தியது. திமிர் என்று நினைத்தேன். இடது காலைத் தூக்கிப் பார்த்தேன். வெட்டு இருந்தது. என்னுடையது.

அறுத்தேன். முதல் முறை. அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வேகமாக முடியவில்லை. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

குழம்பு வைத்தேன். தட்டில் வைத்தால் இனி 'விடு' என்று சொல்ல முடியாது. அப்படித்தான் யோசித்தேன்.

அம்மா பன்னிரண்டரைக்கு வந்தாள். பசி. எது என்று கேட்காமல் உட்கார்ந்தாள். சொல்ல வாயெடுத்தேன். சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம். இரண்டு கவளம். நல்லாருக்கு என்றாள்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சித்தியின் குரல். "வா வா வா" என்று கூப்பிட்டபடி நடக்கிறாள். வாய்க்கால்வரை போய்விட்டுத் திரும்பும் சத்தம். பிறகு நம் வாசலில்.

"அக்கா, அதைக் காணோமே."

அதை. ஐந்தில் ஒன்றை என்று சொல்லவில்லை.

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. தட்டைப் பார்த்தாள். பிறகு என்னை. எழுந்து பின்பக்கம் போனாள். நெடுநேரம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

டிசம்பர் 1, திங்கள்

சித்திதான் சொன்னாள். அம்மா இன்னும் பேசவில்லை.

அந்த ஒன்று மட்டும் செப்டம்பரிலேயே அம்மாவிடம் ஒட்டிக்கொண்டதாம். வேலை விட்டு வந்து கல்லில் உட்கார்ந்தால் காலில் ஏறியிருக்கும் அட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னுமாம். விரலிடுக்கில்கூட.

"எல்லாத்தையும் லிஜிகிட்ட குடுக்கப் போறேன்னு நீ சொன்னியா. மாத்துறப்ப இதைத் தாரேன், அறுக்காம வச்சுக்க ஜெஸின்னாங்க. கண்ணு கலங்கிப் போச்சு அக்காவுக்கு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"படிச்ச புள்ள சிரிப்பாளேன்னாங்க."

பேரா வைக்கப் போறோம் என்று கேட்டது நான்தான்.

சித்தி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மொரடுன்னு ஒன்கிட்ட பொய் சொன்னேன் பாரு. அது என் தப்புதான் ரஞ்சி."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள்.

டிசம்பர் 2

அம்மா காலில் ரத்தம். இரண்டு காலிலும்.

டிசம்பர் 10, புதன்

பேர் வைத்திருந்தாளா என்று கேட்க நினைக்கிறேன். கேட்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

லிஜி வண்டி வந்தது. பதினொன்றில் பத்தை ஏற்றினேன். எல்லாம் என்றாயே என்றாள். ஒன்று வீட்டுக்கு என்றேன். அம்மா கதவருகே நின்றிருந்தாள். கேட்டிருப்பாள்.

டிசம்பர் 24, புதன்

மாற்றிக்கொள்ளும் நாள். சித்தி வேலிக்கு வந்தாள். கையில் கேக் தட்டு, மேலே துணி. வாத்து இல்லை. அம்மாவும் எதையும் பிடித்துக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் வெளியே வந்ததும் பேச்சு நின்றது. இந்த முறை எதற்கு நின்றது என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 27, சனி

மறுபடி மழை. அம்மா நாலரைக்கு வந்து நம் கல்லில் உட்கார்ந்தாள். தீபாவளிக்குப் பிறகு முதல் முறை. மடியில் அட்டைக்குப் போட உப்புப் பொட்டலம். நான் ஜன்னலில்.

மீதியிருக்கிற வாத்து மெல்ல அருகே போனது. கழுத்தை நீட்டியது.

அம்மா கால் இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள்.