ஓய்வுக்கு முன் ஒரு பிக்கப்

செப்டம்பர் 8, ஞாயிறு

ஓய்வு உத்தரவு வந்துவிட்டது. டிசம்பர் 31. முப்பத்து நான்கு வருடம் அஜ்லூன் வேளாண்மை அலுவலகத்தில் விதை மூட்டைகளைச் சோதித்தவனை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அதிலும் என் பெயரில் எழுத்துப் பிழை.

மாலையில் வெளியே வந்தால் பிக்கப் கிளம்ப மறுக்கிறது. உடன் வேலை பார்க்கும் மஹ்தியும் காவலாளியும் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே மஹ்தி, எல்லோரையும் போல மகன் பெயரால் என்னை அழைத்துக் கேட்டான்: “அபூ ரக்கான், உங்க ரெண்டு பேருக்கும் ஒரே உத்தரவா, தனித்தனியா?”

நானும் சிரித்தேன். வீடு வரும்வரை அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 9

மனைவி இன்ஸாஃபின் தீர்ப்பு: “சம்பளம் வர்றப்பவே வேற வண்டி வாங்கிடுங்க. அப்புறம் பேங்க்காரன் உங்க முகத்தக்கூட பாக்க மாட்டான்.”

ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும்?

“நேத்து ஓடிச்சா?”

அத்திப்பழம் தின்றேன். இரவு மகன் ரக்கான் துபாயிலிருந்து பேசினான். அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள் போல. “அப்பா, அது வண்டியே இல்ல. உங்க பிடிவாதம். அதுக்கு நாலு சக்கரம் மாட்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்க.”

செப்டம்பர் 15

ஹரூத்தின் பட்டறைக்குப் போனேன். இருபது வருடமாக அவன்தான் என் மெக்கானிக். பானெட்டில் காதை வைத்துக் கேட்டான். “எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல அபூ ரக்கான். இன்னும் பத்து வருஷம் ஓடும்.”

மனம் துள்ளியது.

“அதச் சுத்தி இருக்கே, அதத்தான் வண்டின்னு சொல்ல வாய் வரல.”

தரையில் ஓட்டை, கை பிரேக் பாதி உயிர், பக்கத்து இருக்கைக் கதவு உள்ளிருந்து திறக்காது. இந்தக் கதவைப் பற்றி இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன். பதினொரு வருடமாக ஒவ்வொரு முறையும் நான் இறங்கிச் சுற்றிப்போய் இன்ஸாஃபுக்குத் திறந்துவிடுகிறேன். தெருவே என்னைப் பெரிய மரியாதைக்காரன் என்று நம்புகிறது. ஒரு கல்யாணத்தில் எதிர்வீட்டு உம்மு ஸுஹைப் தன் கணவனிடம், “அவரப் பாத்துக் கத்துக்குங்க!” என்றாள். நான் திருத்தவில்லை.

செப்டம்பர் 21, சனி

இர்பிதில் வண்டி விற்கிற இடத்துக்கு இன்ஸாஃப் என்னை இழுத்துக்கொண்டு போனாள். விற்பவன் மாப்பிள்ளை போல நறுமணம் பூசியிருந்தான். அவன் காட்டிய வண்டியில், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முன்னால் ஒரு திரையாம்.

“அப்ப கழுத்து எதுக்கு இருக்கு தம்பி?” என்று கேட்டேன்.

“வலிக்கிறதுக்கு,” என்றாள் இன்ஸாஃப். போன வாரம் அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவள் அரைமணி நேரம் இறங்கவில்லை. உட்கார்ந்தது ஓட்டுநர் பக்கத்தில். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

செப்டம்பர் 22

மாற்றப் போவதில்லை. முடிவு.

செப்டம்பர் 27, வெள்ளி

கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று காகிதம். இன்ஸாஃபின் கையெழுத்து! தொழுகை முடிந்து வருவதற்குள் ஒருவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கோழிப்பண்ணைக்காரன்.

“மேல கம்பி வலை அடிச்சா நூறு கோழி நிக்கும்ல?”

“நிக்காது.”

“ஏன்?”

“இது விற்பனைக்கு இல்ல.”

“காகிதம் ஒட்டியிருக்கே ஹாஜி?”

“வீட்டுக்காரி கோவத்துல ஒட்டினது. என்னையும் சேத்துத்தான் விக்கிறா.”

அவன் என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். விலை கேட்கவில்லை.

அக்டோபர் 26, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

குஃப்ரஞ்ஜாவில் ஆலிவ் பறித்து, பதினான்கு மூட்டை ஏற்றி, எண்ணெய்ச் செக்குக்கு மேட்டில் வந்துகொண்டிருந்தோம். பாதி மேட்டில் எஞ்சின் நின்றது. கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன், சக்கரத்துக்குக் கல் வைக்க. நான் குனிவதற்குள் வண்டி பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது. மெதுவாகத்தான். உள்ளே இன்ஸாஃப். அவள் பக்கக் கதவு திறக்காது—

கதவைத் தட்டுகிறாள். நான் கல்லோடு ஓடுகிறேன். முதல் கல்லைத் தாண்டியது. இரண்டாவது கல் பிடித்தது. ஓரத்துக்கு ஒரு முழம் இருந்தது. கீழே பள்ளம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இறங்கித் துப்பட்டாவைச் சரிசெய்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “மூட்டைய இறக்கலாமா?” என்றாள். அவ்வளவுதான்.

திட்டியிருக்கலாமே. ஏன்டி திட்டல?

அக்டோபர் 27

தூங்கவில்லை. ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கவா? எதுக்கு இந்த வண்டிய இப்படிப் பிடிச்சுத் தொங்குறீங்க?”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் நான் யார் என்றே தெரியாமல் போய்விடும். வேலையும் போகிறது, வண்டியும் போனால் காலையில் எழுந்து என்ன செய்வது?

தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். “என்னோட சேந்து குபூஸ் ரொட்டி வாங்கப் போகலாம்.”

அழுகை வந்ததை இருமலாக மாற்றினேன். அவள் நம்பவில்லை.

நவம்பர் 10

வந்துவிட்டது. வேறு பிக்கப். மூன்று வருடப் பழையதுதான், ஹரூத் பார்த்துப் பொறுக்கியது. வெள்ளை. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். பழையதை ஹரூத்தே எடுத்துக்கொண்டான். எஞ்சினைக் கழற்றி அவன் அக்கா தோட்டத்தில் தண்ணீர் இறைக்கப்போகிறானாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதற்கு வேலை கிடைத்துவிட்டது.

நவம்பர் 17

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் மாதம். கண் சோதனை.

“எழுத்து எந்தப் பக்கம் பாக்குது?”

“எந்த எழுத்து?”

“பலகையில இருக்கிறது மாமா.”

“எந்தப் பலகை?”

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சோதித்த பெண் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சை பிப்ரவரியில். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

இத்தனை நாள் வண்டியைத்தான் எல்லோரும் சோதித்தோம்.

நவம்பர் 18

வண்டி வாசலில் நிற்கிறது. நானும்.

நவம்பர் 20

காலை உணவுத் தட்டில் லப்னேத் தயிருக்கும் ஆலிவ்காய்க்கும் நடுவே ஓர் அட்டை. ஓட்டுநர் உரிமம். படத்தில் இன்ஸாஃப்.

“இது எப்ப?”

“தொண்ணூத்தாறுல. பத்து வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல. வழியிலதான லைசன்ஸ் ஆபீஸ் இருக்கு.” ரொட்டியைக் கிழித்தாள். “ஒருநாள் சாவி கேட்டேன். ‘இதோட கிளட்ச் உனக்குப் புரியாது’ன்னீங்க. சரி, புரியிற வண்டி வரட்டும்னு இருந்தேன்.”

இருபத்தெட்டு வருடம்!

நவம்பர் 22, வெள்ளி

பக்கத்து இருக்கையில் என் முதல் நாள். மூன்று முறை இல்லாத பிரேக்கை மிதித்தேன். ஐந்தாவது யோசனை சொன்னதும் ஓரமாக நிறுத்தினாள். “இன்னொரு வார்த்த பேசினா பின்னாடி வெங்காய மூட்டையோட உக்காந்து வருவீங்க.”

பேசிவிட்டேன். வெங்காயத்தோடு வந்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 31

வழியனுப்பு. குனாஃபா இனிப்பு, மூன்று பேச்சு, ஒரு சுவர்க்கடிகாரம். நன்றிப் பத்திரத்திலும் அதே எழுத்துப் பிழை. வாசலில் இன்ஸாஃப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் என் பேச்சைச் சுருக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். சுருக்கியதற்கா?

ஜனவரி 2, வியாழன்

பத்து மணிக்கு எதிர்வீட்டு அபூ ஸுஹைப் கதவைத் தட்டினார். மகளுக்கு ஜராஷில் புது வீடு, சோபாவைக் கொண்டுபோக வேண்டுமாம். நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து குரல்: “சனிக்கிழமை நாலு மணிக்கு மேல. அதுக்கு முன்னாடி எனக்கு வேலை இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“அபூ ரக்கான் வரலையா?” என்று உள்ளே பார்த்துத் தயங்கிக் கேட்டார்.

“வருவாரு, வருவாரு. ஒரு முனையப் பிடிக்க ஆள் வேணும்ல.”

சனிக்கிழமை, நாலு மணி, சோபா. மறக்காமல் குறித்துவைக்கிறேன்.